மிச்சம் யாருக்கு?

சிக்கனம் நல்ல குணம் என்று நானும் உங்களைப் போலத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அதில் ஆராய்வதற்கு ஏதாவது இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியதில்லை. ஊதாரித்தனம் தவறு, கருமித்தனமும் தவறு, இரண்டுக்கும் நடுவே சிக்கனம் என்ற ராஜபாட்டை போகிறது, அதில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், வீட்டிலும் இப்படித்தான். அந்தப் பாட்டையில் கண்ணை மூடிக்கொண்டு கார் ஓட்டியவன் நான். என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் ஓர் அம்பாஸடர் கார் இருக்கிறது. 1978-ஆம் வருஷத்து வண்டி. என் தந்தையார் அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். எனக்கு விவரம் தெரிந்த நாள்முதல் அது எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேயக் காரின் சாயலில், 1957-ல் வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்த குலம் அது. 2014-ல் அங்கே உற்பத்தியை நிறுத்தியதோடு வம்சம் முடிந்தது. அதன் 1489 சி.சி. எஞ்சினுக்கு வேகம் வராது. ஆனால் பசி உண்டு. லிட்டருக்கு ஒன்பது கிலோ மீட்டர் கொடுத்தால் அன்றைக்கு அதற்கு நல்ல மனசு என்று அர்த்தம்.

2021-ல் பெட்ரோல் லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டியது. "என்னங்க, இதை யாருக்காவது கொடுத்துட்டு சின்னதா ஒண்ணு வாங்கிடலாமே" என்றாள் என் மனைவி. நியாயமான யோசனைதான். ஆனால் அப்பாவின் கை பட்டுப் பட்டு வழுவழுப்பேறிய அந்த ஸ்டியரிங்கைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. "வண்டியை விற்க வேண்டாம்; வண்டியின் பசியைக் குறைத்தால் போதும்" என்றேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய விவேகமாகப் பட்டது.

திருவண்ணாமலையில் போளூர் சாலையோரம் ஒரு பழைய பட்டறை உண்டு. அதை நடத்துகிறவரை ஊரே 'பாய்' என்றுதான் அழைக்கும், நானும் அப்படியே. அப்பாவின் காலத்திலிருந்து எங்கள் வண்டிக்கு அவர்தான் வைத்தியர்.

"பாய், இது ரொம்பக் குடிக்குது. ஏதாவது பண்ணணுமே?"

"பண்ணலாம் சார். பிளக்கு, பாயிண்டு சுத்தம் பண்ணி, டைமிங் பார்த்து, பிரேக் பிடிச்சுக்கிட்டு ஓடாம பார்த்துக்கலாம். டயர்ல காத்து சரியா வைங்க. அம்பதுக்கு மேல மிதிக்காதீங்க. ஒண்ணு ஒன்றரை கிலோ மீட்டர் கூடும்."

"அவ்வளவுதானா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதுக்கு மேல வேணும்னா வண்டியை மாத்தணும் சார், இல்லேன்னா நீங்க மாறணும்."

எனக்கு இரண்டும் வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வழி ஒன்று இருக்கும் என்று தேடினேன். தேடுகிறவனுக்குக் கிடைக்காமலா போகும்?

முதலில் இன்னோர் இளைஞர் கிடைத்தார். கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் ஊசியைக் கொஞ்சம் இறக்கினார். எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தது. ஒரு பங்கு பெட்ரோல் முழுக்க எரிவதற்கு, எடைக் கணக்கில், கிட்டத்தட்ட 14.7 பங்கு காற்று வேண்டும். அதைவிடக் காற்றைச் சற்றுக் கூட்டினால் எரிபொருள் மிச்சமாகும். அளவு மீறினால் எஞ்சின் இருமும், சூடேறும். என் வண்டி முதல் மாதம் மிச்சம் பிடித்தது. மூன்றாம் மாதம் இரும ஆரம்பித்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. பாயிடமே திரும்பிப் போனேன். ஒரு வால்வு கருகிப்போயிருந்தது. "சாப்பாட்டைக் குறைச்சா ஆளு இளைக்கிறது மட்டும் இல்ல சார், குடலும் வேகும்" என்றார். வால்வு மாற்றிய கூலியில் மூன்று மாத மிச்சமும் போயிற்று.

இதில் என் அறிவீனத்தைத் தவிர வேறு நஷ்டமில்லை. அதனால்தான் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

எரிவாயுவில் ஓட்டலாம் என்றார் ஒரு நண்பர். அதற்கு முறையான வழி உண்டு. 2001-ல் மத்திய அரசாங்கம் அதற்கென்றே ஓர் உத்தரவு போட்டிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற உபகரணம், அதற்கென்று செய்த கனமான தொட்டி, பதிவுப் புத்தகத்தில் ஒரு குறிப்பு என்று எல்லாம் ஒழுங்காக நடந்தால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதற்குச் செலவு அதிகம். நானோ சிக்கனம் பண்ணப் புறப்பட்டவன்! வீட்டு அடுப்புக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரையே டிக்கியில் வைத்து ஓட்டலாம் என்று ஒருவர் சொன்னார். பாயிடம் கேட்டேன்.

"நான் செய்ய மாட்டேன் சார்" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே. வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் செய்யாவிட்டால் செய்ய ஆளா இல்லை? ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. மாதாமாதம் சிலிண்டர் கொண்டுவந்து கொடுக்க ஒரு தம்பி ஏற்பாடானான். விலைக்கு மேல் இருநூறு ரூபாய் அவனுக்கு. அப்படியும் பெட்ரோலுக்கு ஆகிற செலவில் ஏறக்குறைய பாதி எனக்கு மிச்சம். சிலிண்டர் எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று எழுத வந்தேன், அது பொய். கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வாசகர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். செலவு பாதியான பிறகு நான் மிச்சம் பிடித்த பணம் எங்கே போயிற்று தெரியுமா? முன்பெல்லாம் மாதம் ஒரு முறை வண்டியை எடுப்பேன், சென்னைக்குப் பதிப்பாளரைப் பார்க்க. இப்போது செங்கத்துக்கு ஒரு கல்யாணம், சாத்தனூர் அணைக்கு ஒரு மாலை நேரம், ஒன்றுமில்லையென்றால் காற்று வாங்க வேட்டவலம் சாலையில் பத்து மைல். வருஷக் கடைசியில் கணக்குப் போட்டால், எரிபொருளுக்கு நான் முன்பு செலவிட்டதைவிட ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

நான் பொருளாதாரம் படித்தவனல்ல; கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுவிட்டவன். ஆனால் இந்த விசித்திரத்துக்குப் பெயர் உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 1865-ல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் நிலக்கரியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். குறைந்த கரியில் நிறைய வேலை செய்யும் இயந்திரம் வந்தால் நாட்டில் கரிச் செலவு குறையும் என்று எல்லோரும் நினைத்த காலம். இல்லை, கூடும் என்றார் அவர். ஸ்காத்லாந்தில் ஒரு டன் இரும்பு உருக்க ஆகும் கரி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது. ஆனால் 1830-லிருந்து 1863-க்குள் அங்கே இரும்புக்காக எரித்த மொத்தக் கரி பத்து மடங்கு ஆகிவிட்டது. மலிவானதை மனிதன் குறைவாகப் பயன்படுத்த மாட்டான். ஸ்காத்லாந்து இரும்பு முதலாளிகளுக்கும் வேட்டவலம் சாலையில் காற்று வாங்கப் போன எனக்கும் மனோபாவத்தில் வித்தியாசமே இல்லை!

இந்தச் சமயத்தில்தான், 2022-ல் ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில், கிரிவலப் பாதையில் அந்த அம்மாவைப் பார்த்தேன்.

அண்ணாமலையைச் சுற்றிவரும் அந்தப் பாதை 14 கிலோ மீட்டர். பௌர்ணமி இரவில் அங்கே எள் போட்டால் எள் விழாது. விடிந்த பிறகு கூட்டம் வடிந்து, காகிதத் தட்டுகளும் களைத்த கால்களும் மட்டும் மிஞ்சியிருக்கும். பாதையோரத்தில் ஓர் அம்மா மூன்று கல் கூட்டி இட்லி அவித்துக்கொண்டிருந்தாள். ஈரச் சுள்ளி, புகை கண்ணைக் கரித்தது. ஊதுகுழலை வாயில் வைத்து ஊதுவதும், முந்தானையால் கண்ணைத் துடைப்பதும், இருமுவதுமாக இருந்தாள். நான்கு இட்லி வாங்கிக்கொண்டு கேட்டேன்:

"ஏம்மா, கேஸ் வாங்கலியா?"

"இருக்குதுங்க ஐயா. எம் பேருலதான் குடுத்தாங்க, அடுப்போட."

"அப்புறம் ஏன் இந்தப் புகை?"

"சிலிண்டரு தீந்தா மறுபடி வாங்கத் துட்டு? ஒரு தம்பி வரும். அதுவே பணம் கட்டி எடுத்துக்கினு, எங்கையில நூறு ரூபா குடுத்துட்டுப் போவும். சும்மா கெடக்குற புக்குதானேங்க."

2016-ல் மத்திய அரசு ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கென்று முன்பணமில்லாமல் எரிவாயு இணைப்புக் கொடுக்க ஆரம்பித்தது. விறகுப் புகையில் அவர்களுடைய கண்ணும் மார்பும் கெடக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். அடுப்பு வந்துவிட்டது. மறு சிலிண்டருக்குப் பணம் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் தம்பி நுழைந்திருக்கிறான். தம்பியின் பின்னால் நான்.

அவள் சிலிண்டர்தான் என் டிக்கியில் இருந்ததா? எனக்குத் தெரியாது. ஊரில் அப்படி எத்தனையோ தம்பிகள் இருக்கலாம்; எத்தனையோ டிக்கிகள் இருக்கலாம். வேறு யாரோ ஓர் அம்மாவின் சிலிண்டராக இருந்தால் மட்டும் நான் நிரபராதியா? கையிலிருந்த இட்லி எனக்கு இறங்கவில்லை.

"சுள்ளி எங்கேம்மா பொறுக்கறீங்க?" என்று கேட்டேன்.

அவள் தலையைத் திருப்பி மலையைக் காட்டினாள்.

என் சிறு வயதில் அந்த மலை பெரும்பாலும் மொட்டைப் பாறையும் புல்லுமாகத்தான் நின்றது. 1980-களின் பிற்பகுதியிலிருந்து பலர் சேர்ந்து, கோடைதோறும் தீயோடு போராடி, கன்று நட்டுத் தண்ணீர் சுமந்து அதைப் பச்சையாக்கினார்கள். அவர்கள் வளர்த்த பச்சையிலிருந்து ஒரு கட்டுச் சுள்ளி இறங்கி வந்து, இட்லிப் பானைக்கடியில் எரிந்து, அதனால் மிச்சப்பட்ட ஒரு சிலிண்டர் என் காரை ஓட்டுகிறது. அப்படியானால், நான் பெட்ரோலை மிச்சம் பிடிக்கவில்லை. மரத்திலும் ஒருத்தியின் மூச்சிலும் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மரத்தில் கார் ஓட்டுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப்போர் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, பஸ்களின் பின்னால் தாழி போன்ற ஓர் இரும்பு உருளையைப் பூட்டி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு, காற்றை அளவாக விட்டுப் புகைய வைத்தார்கள். போதிய காற்று கிடைக்காமல் வேகும் கரியிலிருந்து கரியமோனாக்ஸைடு என்ற வாயு வரும். எரியக்கூடிய வாயு, மூச்சில் போனால் ஆளையும் கொல்லும். அதை வடிகட்டி எஞ்சினுக்குள் விட்டால் வண்டி ஓடும். என் தாத்தா கரி பஸ்ஸில் பிரயாணம் செய்தவர். புறப்படுவதற்கு வெகுநேரம் முன்பே ஒரு பையன் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கனலை எழுப்புவானாம். சின்ன மேடு வந்தாலும் ஆண்களெல்லாம் இறங்கி நடக்க வேண்டுமாம். "டிக்கெட்டும் வாங்கி, வண்டியையும் தள்ளினோம்டா" என்று சிரிப்பார்.

அவர் சிரிப்பில் ஒரு கணக்கு மட்டும் இல்லாமல் போயிற்று. பழைய முறையில் ஒரு கிலோ கரி எடுக்க ஏறத்தாழ ஐந்து கிலோ விறகு வேண்டும். பெட்ரோல் மிச்சமாயிற்று என்று போர்க்கால அரசாங்கம் எழுதிக்கொண்ட இடத்தில், காடு குறைந்தது என்று எழுத வேறு யாரும் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அது ஊர் முழுவதற்கும் வந்த கஷ்டம். ஊர் முழுவதும் இறங்கி நடந்தது. பணக்காரர் ஏறி உட்கார்ந்திருக்க, ஏழை மட்டும் தள்ளியதாகத் தாத்தா சொல்லவில்லை. என் சிக்கனத்தில் தள்ளியவள் ஒருத்தி, உட்கார்ந்திருந்தவன் நான்.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் பகுத்தறிவுவாதி, எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். "உமக்கு ஒரு சிலிண்டர் இப்படி உறுத்துகிறதே! கார்த்திகைக்கு உங்கள் மலை உச்சியில் ஆயிரக்கணக்கான கிலோ நெய்யை எரிக்கிறார்களே, அது உறுத்தவில்லையா? பசித்த குழந்தைகளுக்கு ஊற்றக்கூடாதா?" என்று கேட்டார்.

அலட்சியமாக ஒதுக்கக்கூடிய கேள்வியல்ல. 2668 அடி உயரத்தில், ஆள் உயரக் கொப்பரையில், துணித் திரியில் அந்த நெய் பதினொரு நாள் எரிகிறது. பசித்த குழந்தையை எதிரே நிறுத்தி வைத்துக் கேட்டால் அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இருப்பதாகப் பாசாங்கு செய்ய நான் விரும்பவில்லை. ஆனால் அவர் கேட்டது வேறு, என்னை உறுத்தியது வேறு என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. அந்த நெய்யைக் கொடுக்கிறவர் தம்முடையதைக் கொடுக்கிறார். கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்கிறார். எரிவது சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் தெரிகிறது. தெரிவதால்தான் என் நண்பரால் அதைக் கண்டிக்கவும் முடிகிறது. நான் எரித்தது என்னுடையதல்ல. அது யாருக்கும் தெரியவுமில்லை. எனக்குக்கூடத் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன். கண்டிக்க முடிகிற செலவைவிட, கண்ணுக்கே தெரியாத சேமிப்புத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நம்மில் பெரும்பாலோருடைய சிக்கனம் இப்படித்தான் இருக்கிறதோ என்று சந்தேகப்படுகிறேன். பேரம் பேசிக் கீரைக்காரியிடம் இரண்டு ரூபாய் குறைக்கிறோம். அந்த இரண்டு ரூபாய் எங்கிருந்தோ முளைத்ததல்ல, அவள் வீட்டுக் கணக்கிலிருந்து நம் வீட்டுக் கணக்குக்கு வந்தது. குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தால், "சிக்கனமாக முடித்தேன்" என்கிறோம். செலவைக் குறைப்பது வேறு. செலவை அடுத்தவர் தலைக்குத் தள்ளுவது வேறு. முதலாவதில் உலகத்தில் ஏதோ ஒன்று உண்மையாகவே மிச்சமாகிறது. இரண்டாவதில் ஒன்றும் மிச்சமாவதில்லை. கை மாறுகிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றே. அதனால்தான் நல்ல மனிதர்கள்கூட மனச்சாட்சி உறுத்தாமல் இரண்டாவதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

பாய் முதல் நாளே சொன்னாரே, அது முதல் ரகம். பெட்ரோல் எஞ்சினில் எரிகிற ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ கால் பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது. மற்றதெல்லாம் சூடாகவும் புகையாகவும் போகிறது. போகிற வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதன் வர்க்கமாகக் கூடும். காற்றில்லாத டயரும் சரியாக விடுபடாத பிரேக்கும் யாருக்கும் பயனில்லாமல் எரிபொருளைத் தின்னும். இவற்றைத் திருத்தினால் வருகிற மிச்சம் யாருடைய பங்குமல்ல. ஆனால் அதற்கு நான் மெதுவாகப் போக வேண்டும், பொறுமை வேண்டும். அந்த விலையைக் கொடுக்க நான் தயாராக இல்லை. என் பொறுமைக்குப் பதிலாக இன்னொருத்தியின் கண்ணைக் கொடுத்தேன்.

அந்த வாரமே பட்டறைக்குப் போனேன். குழாயையும் மற்றதையும் கழற்றும்போது பாய் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அன்னிக்கே ஏன் பாய் காரணம் சொல்லல?" என்று கேட்டேன். "வெடிச்சுடும்னு சொல்லியிருக்கலாம் சார். ஆனா அதுக்காக மட்டும் நான் வேணாம்னு சொல்லலியே. மத்ததை நீங்களா தெரிஞ்சுக்கணும்" என்றார். பிறகு வண்டியைத் தம் முறைப்படி சரிசெய்து கொடுத்தார். இப்போது லிட்டருக்குப் பத்தரை கிலோ மீட்டர் வருகிறது. ஐம்பதுக்கு மேல் மிதிப்பதில்லை. பின்னால் வருகிற பஸ்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டுகிறார்கள், திட்டட்டும். காற்று வாங்க வேண்டுமானால் நடந்து போகிறேன்.

இதோடு கதை சுபமாக முடிந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். முடியவில்லை. நான் சிலிண்டரை விட்டதால் அந்த அம்மாவின் அடுப்பு மாறிவிடவில்லை. தம்பிக்கு வேறொரு காரோ, வேறொரு டீக்கடையோ கிடைத்திருக்கும். அடுத்த பௌர்ணமியில் அதே இடத்தில், அதே புகையில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு சிலிண்டருக்கான பணத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"எதுக்குங்க ஐயா? அடுத்த மாசமும் தருவீங்களா?" என்று கேட்டாள்.

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. கணக்குத் தெரிந்தவள், கணக்காகவே கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

நான் நிறுத்தியதால் அவளுக்கு நன்மை வந்துவிடவில்லை. என்னால் வந்த தீமை மட்டும் நின்றது. இரண்டும் ஒன்றல்ல. அவளுக்கு வேண்டியது ஒரு நாள் தர்மமல்ல, மாதாமாதம் அடுப்பெரிக்கப் போதுமான வருமானம். அதைத் தருவது என் ஒருவன் கையில் இல்லை. நாம் எல்லோரும் சேர்ந்து அரசாங்கத்தையும் நம்மையும் கேட்க வேண்டிய கேள்வி அது. என் கையில் இருந்தது எடுக்காமலிருப்பது மட்டும்தான். அதையும் எடுத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

இப்போதெல்லாம் ஏதாவது மலிவாகக் கிடைக்கும்போது என் மனைவி ஆவலோடு, "எவ்வளவு மிச்சம்?" என்று கேட்கிறாள். தொகையைச் சொல்கிறேன். பிறகு, அது யாருடைய பங்கிலிருந்து வந்தது என்று இருவரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசிக்கிறோம். சில சமயம் பதில் தெரிகிறது. பல சமயம் தெரிவதில்லை. தெரியாதபோது அந்தப் பொருளை வாங்காமல் திரும்பிய நாட்களும் உண்டு, வாங்கிக்கொண்டு வந்துவிட்ட நாட்களும் உண்டு. அந்தப் பின்சொன்ன நாட்களில், இட்லிக்காரியின் ஊதுகுழல் சத்தம் வீடுவரை என்கூடவே வருகிறது.